வெள்ளை இலைக்கு என்ன விலை?



எஞ்சினியருக்குச் செடியோடு என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். 2021-இல் நியூசிலாந்தில் ஒரே ஒரு தொட்டிச் செடி 27,100 நியூசிலாந்து டாலருக்கு ஏலம் போனது. ராபிடோபோரா டெட்ராஸ்பெர்மா என்ற கொடி. தாய்லாந்து, மலேசியக் காடுகளில் மரமேறுவது. நம்ம சேப்பங்கிழங்கு, மணி பிளாண்ட் குடும்பம்தான். அந்த விலை, இலையில் படர்ந்திருந்த வெள்ளைக்கு.

அங்கேதான் வில்லங்கம். வெள்ளையில் பச்சையம் கிடையாது, உணவு தயாரிக்காது. முழு வெள்ளை இலை பார்க்க அழகு, சாப்பாடு மட்டும் ஓசி! முதல் சம்பளத்தைப் போட்டு வாங்க நினைக்கும் தம்பிகள் இலையை விட்டுவிட்டுத் தண்டைப் பாருங்கள். கணுவில் பச்சையும் வெள்ளையும் கோடு கோடாகக் கலந்திருக்க வேண்டும். கணு இல்லாத வெறும் இலை வேர் விட்டாலும் கொடியாகாது.

வளர்ப்பது கஷ்டமில்லை. சன்னலோர வெளிச்சம், மேல்மண் காய்ந்தபின் தண்ணீர், ஏறுவதற்குத் தேங்காய் நார் சுற்றிய கம்பு. புதுத்தண்டு முழுப்பச்சையாகக் கிளம்பினால், வெள்ளை கலந்த கடைசிக் கணுவுக்கு மேலே வெட்டிவிடுங்கள். சாறு கையில் பட்டால் அரிக்கும், சேப்பங்கிழங்கு மாதிரியே. குழந்தைகள் இருக்கிற வீட்டில் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்.