மலைச் சாலையும் மறைமலைப் பாலமும்

(சிங்கப்பெருமாள் கோவிலில் ஆற்றிய உரை)



நம் ஊர் வழியே இரவும் பகலும் இரைந்தோடும் இப்பெருஞ்சாலை, வடக்கே கத்திப்பாராவில் அண்ணா சாலையோடு கூடுகின்றது. அண்ணா சாலையோ சென்னைத் துறைமுக நகரின் தலையாய தெரு. அதன் பெயர் பட்ட பாட்டைச் சொன்னால், நம் கடன் எது என்பது விளங்கும்.

1639-இல் ஆங்கில வணிகர் கடற்கரையில் நிலம் பெற்றுக் கோட்டை எழுப்பினர். கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் வழி அவர்கள் வாயில் 'மவுண்ட் ரோடு' ஆயிற்று. மலைச் சாலை என்பதே அதன் பொருள். போர்த்துகீசியரைப் பரங்கியர் என்றழைத்து, அவர்கள் கோவில் கட்டிய குன்றைப் பரங்கிமலை என்றவன் தமிழன். அயலானைத் தன் வாய்க்கேற்ப அழைத்தவன், பின்னர்த் தன் ஊரையே அயலான் வாய்க்கேற்ப அழைக்கக் கற்றான்!

சைதாப்பேட்டையைப் பாருங்கள். அங்கே அடையாற்றின் மேல் 1726-இல் ஒரு பாலம் எழுந்தது. மாம்பலம் என்னும் நற்பெயர் சிதைந்து அது 'மார்மலாங்' பாலம் எனப்பட்டது. அதைக் கட்டியவர் கோசா பெத்ரசு உசுக்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். கட்டியது தம் சொந்தப் பொருளால். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. அயலார் என்பதற்காக அவர் கொடையை மறைப்பது தமிழ்ப் பண்பன்று. நாம் சினப்பது சிதைந்த பெயரின் மேல். கட்டிய கையின் மேலன்று.

பழம்பாலம் போய்ப் புதுப்பாலம் வந்தபோது அதற்கு மறைமலையடிகள் பாலம் என்று பெயர் சூட்டினர். எத்துணைப் பொருத்தம்! வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என மாற்றி, 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்டவர் அடிகள். கிறித்தவக் கல்லூரிப் பணியை 1911-இல் விட்டு அவர் குடியேறிய பல்லாவரம் இச்சாலையில்தான் உள்ளது. (அக்கல்லூரியும் 1937-இல் இதே சாலையோரம் தாம்பரத்திற்கு வந்து சேர்ந்தது.) நமக்கு அடுத்த ஊரோ மறைமலை நகர்.

1969 பிப்பிரவரி 3-இல் அறிஞர் அண்ணா மறைந்தார். அதன் பின் மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆயிற்று. பலகை மாறியது, நாக்கு மாறவில்லை. இன்றும் பேருந்தில் ஏறி 'மவுண்ட்ரோடு ஒன்று கொடுங்கள்' என்று கேட்கும் தமிழர் உண்டு. அரசு பெயரிடலாம், அழைக்க வேண்டியவர் நாம்.

நம் சாலைக்கு அந்தப் பலகையும் வாய்க்கவில்லை. 'கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு' என்பதைச் சுருக்கி 'சி.எசு.டி. ரோடு' என்கின்றோம். 2017-க்குப் பின் அவ்வெழுத்துகளைக் கேட்டால் வணிகர்க்கு வரிதான் நினைவுக்கு வருகின்றது! தென்பெருஞ்சாலை என்பதில் எவ்வெழுத்து நாவில் இடறுகின்றது?

கடை வைத்திருப்போர் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். அடுத்த முறை பலகைக்கு வண்ணம் பூசும்போது முகவரியில் 'தென்பெருஞ்சாலை' என்று எழுதுங்கள். மடல் வந்து சேருமா என்று முன்வரிசையில் ஓர் அன்பர் கேட்கின்றார். பழைய பெயரைப் பிறைக்குறிக்குள் ஓராண்டு விட்டு வையுங்கள் ஐயா. அஞ்சற்காரருக்குப் பழகியதும் அழித்துவிடலாம்.