உறங்கும் கணினியும் விழித்திருக்கும் அட்டையும்



ஆழ்ந்து துயிலும் தாய் இடிமுழக்கத்துக்கு விழியாதிருக்கலாம். அருகிற் கிடக்கும் குழந்தை சிணுங்கினால் உடனே விழித்துக்கொள்வாள். கணினிக்கும் இத்தகைய துயில் உண்டு. பணிமனையொன்றிலே நூறு கணினிகள் இரவு முழுவதும் வீணே இயங்க வேண்டுவதில்லை. அவை உறங்கலாம், தேவை வந்தபோது பொறுப்பாளர் தம் இடத்திலிருந்தே அவற்றை எழுப்பலாம்.

இஃது எவ்வாறு இயலும்? கணினியை நிறுத்திய பின்னரும், மின்னிணைப்பு உள்ளவரை, அதன் மின்வழங்கி 5 உவோற்று அழுத்தத்திலே சிறிது மின்சாரத்தை அளித்தவண்ணம் இருக்கும். அதனைக் கொண்டு வலையமைப்பு அட்டை காவல் காத்திருக்கும். எல்லாம் ஒன்று என்னும் இலக்கமாய் நிரம்பிய 6 பைற்றுகளும், அவற்றைத் தொடர்ந்து 16 முறை அவ்வட்டையின் முகவரியும் அமைந்த செய்தி வந்தால், அழைப்புத் தனக்கே உரியது என அட்டை அறிந்து, தாய்ப்பலகைக்குச் சைகை செய்யும். அச்செய்தியின் அளவு 102 பைற்றுகளே.

ஐ.பி.எம்., இன்ரெல் ஆகிய நிறுவனங்கள் 1997ஆம் ஆண்டில் இம்முறையை அறிமுகஞ் செய்தன. தொடக்கத்திலே அட்டையைத் தாய்ப்பலகையோடு இணைக்கத் தனியான மூவிழை வடம் வேண்டியிருந்தது. 1998இல் வெளிவந்த பி.சி.ஐ. 2.2 நியமம், காத்திருப்பு மின்சாரமும் எழுப்பும் சைகையும் அட்டையைச் செருகும் இடத்தின் வழியாகவே செல்ல வகை செய்தது.

ஆயினும் அட்டையைச் செருகியதும் வேலை முடிந்துவிடாது. அட்டைக்கு அவ்வாற்றல் இருத்தல் வேண்டும். கணினியின் அடிப்படை அமைப்பாகிய பயோசிலே, அட்டையின் சைகைக்கு எழ அனுமதி அளித்தல் வேண்டும். இயங்குதளமும் அதற்கு இசைதல் வேண்டும். மூன்றில் ஒன்று மறுப்பினும் கணினி எழாது. மின்சிக்கனத்துக்கான தெரிவு பல கணினிகளிலே காத்திருப்பு மின்சாரத்தையே துண்டித்துவிடும். நிறுத்திய கருவி ஒரு உவாற்றுக்கு மேல் உண்ணலாகாதென 2010 முதலும், அரை உவாற்றுக்கு மேல் உண்ணலாகாதென 2013 முதலும் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தமை அத்தெரிவு பரவக் காரணமாயிற்று. சிக்கனத்தையும் அழைப்பையும் ஒருங்கே விரும்புவோர் இதனை மறத்தலாகாது.

மற்றொன்றும் கருதத்தக்கது. இவ்வழைப்புக்குப் பெரும்பாலும் கடவுச்சொல் இல்லை. அதே வலையமைப்பில் முகவரி அறிந்த எவரும் கணினியை எழுப்பலாம். எழுப்புதல் வேறு, உட்புகுதல் வேறு என்பது உண்மையே. எனினும் விழித்த கணினிக்கு நல்ல பூட்டு வேண்டும். ஆகவே, தேவையுள்ள கணினிகளுக்கு மாத்திரம் இவ்வனுமதியை அளித்து, ஏனையவற்றை அமைதியாக உறங்கவிடுதலே அறிவுடைமையாகும்.