கேத்தலின் குற்றமா, நீரின் குற்றமா?

விருந்தினர் ஒருவர் வாயிலில் வந்து நின்றதும், அவர் வந்த காரியத்தை வினவுவதற்கு முன்னரே அடுப்பிற் கேத்தலை ஏற்றுவது மலைநாட்டு வழக்கம். கண்டிக்கு அண்மையிலுள்ள மடவளையிலும் இவ்வழக்கம் வழுவாது நடைபெறுகின்றது. இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேநீரும், உடன் கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டித் துண்டொன்றும் விருந்தினர் கையிற் சேர்கின்றன. அவர் ஒரு மிடறு பருகுகின்றார். முகத்தில் ஒரு சுருக்கம் தோன்றி மறைகின்றது. "நல்ல தேநீர்" என்று வாய் சொல்லுகின்றது. ஆயின், கோப்பையிற் பாதி அப்படியே எஞ்சிவிடுகின்றது. அந்த எச்சம் வீட்டுத் தலைவியின் உள்ளத்தில் முள்ளாய்த் தைக்கின்றது.

மறுநாட் காலையில் கடைக்காரரிடம் முறையீடு செல்கின்றது: தேயிலை பழையதாம். கடைக்காரரோ தம் தேயிலையிற் குற்றமில்லை, தண்ணீரிலேதான் குற்றம் என்கின்றார். வீட்டார் சர்க்கரையைக் கூட்டிப் பார்க்கின்றனர். பால்மாவைக் கலந்து பார்க்கின்றனர். விலைகூடிய தேயிலையை வாங்கியும் பார்க்கின்றனர். பழி இவ்வாறு ஊரைச் சுற்றிவர, குற்றவாளியோ ஒருவேளை அடுப்பங்கரையிலேயே மூடியைக் கவிழ்த்துக்கொண்டு அமர்ந்திருக்கக்கூடும்.

கண்டி மாவட்டம் தேயிலைக்குத் தாயகம் போன்றது. ஜேம்ஸ் டெயிலர் என்பார் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை பயிரிட்டதே இலங்கையின் தேயிலை வாணிபத்திற்குத் தொடக்கம். ஆயினும் நல்ல இலை இருந்தால் மட்டும் நல்ல தேநீர் கிடைத்துவிடுவதில்லை. தேயிலையை நாவினாற் சோதிப்பதற்கென 1980ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற சர்வதேச நியமம், 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் இலை என்றும், புதிதாகக் கொதித்த நீரில் அது 6 நிமிடம் ஊற வேண்டும் என்றும் அளவு குறிக்கின்றது. இவ்வளவைச் சற்று எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். கோப்பையில் இருப்பது பெரும்பாலும் நீரே. அந்நீர் எதனைச் சுமந்து வந்ததோ, எந்தப் பாத்திரத்திற் கொதித்ததோ, அதன் சுவையெல்லாம் நாவுக்கு வந்து சேரும்.

எனவே, தேய்க்கத் தொடங்குவதற்கு முன் துப்புத் துலக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போதும். ஒரே குழாயில் அல்லது கிணற்றிற் பிடித்த நீரை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைக் கேத்தலிலும், மறு பங்கை எண்ணெய்ப் பிசுக்கில்லாத வேறொரு துருப்பிடியா உருக்குப் பாத்திரத்திலும் கொதிக்கவைக்க வேண்டும். இலை போடாமல் இரண்டையும் ஆறவிட்டு, எது எங்கே கொதித்தது என்று அறியாத ஒருவரிடம் சுவைத்துப் பார்க்கக் கொடுக்க வேண்டும். இரண்டும் கசந்தால் குற்றம் நீரினது. ஒன்று மட்டும் கசந்து, அதுவும் கேத்தல் நீராய் இருந்தால் குற்றம் கேத்தலினது. இரண்டும் நன்றாயிருந்தாலோ கடைக்காரரிடம் மீண்டும் செல்லலாம். அப்போது முறையீட்டிற்கு நியாயம் இருக்கும்.

முதலில் கேத்தலின் குற்றங்களை நோக்குவோம். உட்புறத்தில் வெண்மையாகவும் பழுப்பாகவும் படியும் பொருக்கை அறியாதார் இலர். மடவளைக்குத் தென்கிழக்கே திகனைப் பகுதியில் தொலமைற்றுப் பாறை உண்டு. கல்சியமும் மகனீசியமும் செறிந்த அத்தகைய பாறைகளினூடே ஊறிவரும் கிணற்று நீர் வன்னீராகின்றது. அதனைக் கொதிக்கவைக்கையில், கரைந்திருந்த கல்சியம் இருகாபனேற்றுச் சிதைந்து, கரையாத கல்சியம் காபனேற்றாகப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளுகின்றது. இது சுண்ணாம்புக் கல்லின் இனமே; நஞ்சன்று. ஆனால், உதிர்ந்து கோப்பையில் விழும். மாவுச் சுவை தரும். முன்னாள் கொதித்தவற்றின் மணத்தைத் தன் நுண்துளைகளில் அடக்கி வைத்துக்கொள்ளும்.

இதனைக் கத்தியாற் சுரண்டுதல் வேண்டா. வினாகிரி ஒரு பங்கும் நீர் இரு பங்குமாகக் கலந்து, பொருக்கு மூழ்குமளவு ஊற்றிச் சூடாக்கி, அரை மணி நேரம் வைத்திருந்தாற் போதும். வினாகிரியின் மணத்தை விரும்பாதார் இரண்டு தேசிக்காய்களின் சாற்றை ஒரு லீற்றர் நீரிற் பிழிந்து அவ்வாறே செய்யலாம். அப்போது பொங்கும் சிறு குமிழிகள் காபனீரொட்சைட்டு வாயுவே. அமிலம் பொருக்கைக் கரைக்கின்றது என்பதற்கு அவை அறிகுறி. பின்னர் நன்றாகக் கழுவி, வெறுநீரை இருமுறை கொதிக்கவைத்துக் கொட்டிவிட வேண்டும். அலுமினியக் கேத்தலில் அமிலத்தை நெடுநேரம் விடலாகாது; அது உலோகத்தையே அரித்துவிடும். உட்பூச்சுத் தேய்ந்த பழைய செம்புக் கேத்தலையும் பித்தளைக் கேத்தலையும் அழகுக்காக வைத்துக்கொள்ளலாமேயன்றி, அவற்றில் நீர் காய்ச்சிப் பருகலாகாது.

தேயிலைக் கறையும் பழைய பாலின் வாடையும் வேறு வகையின. இவற்றுக்கு அமிலத்தைவிட அப்பச்சோடா ஏற்றது. ஒரு லீற்றர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா இட்டுச் சில மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் கறை நீங்கும். இரண்டும் நல்லவையாயின் இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்பு நன்மை என்று எண்ணி, வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கொட்டுவார் உளர். நுரை மிகுதியாக எழும், பயனோ குறையும். ஒன்றன் வலிமையை மற்றொன்று அழித்துவிடுவதே காரணம். வெளிற்றும் திரவத்தையும் வினாகிரியையும் ஒன்றுசேர்ப்பதோ பெரும் ஆபத்து. மூச்சை அடைக்கும் குளோரின் வாயு அதிலிருந்து வெளிப்படும்.

விறகடுப்பில் ஏற்றும் கேத்தலுக்குப் புகை நாற்றம் ஒரு தனிக் குறை. மூடி இறுகப் பொருந்தினால் அது பெரிதும் குறையும். இரவு முழுதும் கேத்தலில் நீரைத் தேக்கிவைத்து மறுநாட் காலையில் அதையே மீண்டும் கொதிக்கவைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுதல் நன்று.

இனி, நீரின் குற்றங்கள். கிணற்று நீரில் இரும்பு மிகுந்திருந்தால் தேநீர் கறுத்துப்போகும். முற்காலத்தில் மை செய்தது போன்ற செயலே கோப்பையிலும் நிகழ்கின்றது; இலையிலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் கூடிக் கறுக்கின்றன. கேத்தலை எத்துணைத் தேய்த்தாலும் இது மாறாது. கண்டிச் சூழலில் மகாவலி நீரைத் தூய்மை செய்து குழாய்வழி வழங்குகையில், நோய்க்கிருமிகள் அழியும்பொருட்டுக் குளோரின் சேர்க்கின்றனர். ஒரு லீற்றரில் 0.3 மில்லிகிராம் அளவு இருப்பினும் சிலர் நாவு அதனை உணர்ந்துவிடும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அகன்ற பாத்திரத்தில் நீரைச் சிறிது நேரம் திறந்து வைத்தாலோ, மூடியின்றிக் கொதிக்கவிட்டாலோ குளோரின் பெரும்பாலும் அகன்றுவிடும்.

நீரும் கேத்தலும் கூட்டுச்சேர்ந்து செய்யும் குற்றமும் ஒன்றுண்டு. புதிய மின்கேத்தலின் பிளாஸ்டிக்கிலோ இறப்பரிலோ எஞ்சியிருக்கும் சில பொருள்கள் குழாய்நீரின் குளோரினுடன் சேர்ந்து மருந்து நாற்றத்தை உண்டாக்கும். வைத்தியசாலை வாடை வீசும் தேநீருக்கு இதுவே பெரும்பாலும் காரணம். புதுக் கேத்தலில் நீரை நிரப்பிக் கொதிக்கவைத்துக் கொட்டுவதை நான்கைந்து முறை செய்தால் இது படிப்படியாகக் குறையும். பல நாள் சென்றும் குறையாதாயின், உட்புறம் முழுதும் உருக்காலான கேத்தலை நாடுவதே முறை.

மலைநாட்டுத் தேயிலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு உல்லாசக் கப்பலேறுவோருக்கும் இதே சிக்கல் எதிர்ப்படும். தீ அபாயம் கருதிப் பல கப்பல்களில் சொந்தக் கேத்தலுக்கு இடமில்லை; அறையில் உள்ளதே கதி. அதில் முன்னிருந்தவர் பாலையோ சூப்பையோ காய்ச்சியிருக்கலாம். நீரும் பெரும்பாலும் கடல்நீரை வடித்தோ நுண்சவ்வினூடே செலுத்தியோ பெற்று, குளோரின் கலந்ததாக இருக்கும். உணவுக்கூடத்தில் தேசிக்காய்த் துண்டுகள் சிலவற்றைக் கேட்டு வாங்கி, நிறைந்த கேத்தலில் இட்டுக் கொதிக்கவைத்து, அரை மணி நேரம் பொறுத்துக் கொட்டி, வெறுநீரால் இருமுறை கொதிக்கவைத்துக் கழுவினாற் பெரும்பாலும் சுவை திரும்பிவிடும். மின்தொடர்பைத் துண்டித்த பின்னரே கழுவ வேண்டும் என்பதையும், கேத்தலின் அடிப்பாகத்தை நீரில் அமிழ்த்தலாகாது என்பதையும் வீட்டிலும் கப்பலிலும் மறத்தலாகாது.

இறுதியாக ஒன்று. நாவு ஒரு காவலாள். அது கசப்பை உணர்த்தும்போது சர்க்கரையால் அதன் வாயை அடைத்துவிடுவது அறிவுடைமையன்று. அதே வேளையில், அக்காவலாளின் கண்ணுக்குத் தப்புவனவும் உண்டு. வறண்ட வலயத்துக் கிணறுகள் பலவற்றிற் காணப்படும் புளோரைட்டு, கொதிக்கவைப்பதால் நீங்குவதில்லை. நீர் வற்றுமளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். கேத்தலைப் பளபளக்கத் தேய்த்துவிட்டதனால் நீர் நலமாகிவிட்டது என்று எண்ணலாகாது. கிணற்றின் நிறமோ மணமோ சுவையோ திடீரென மாறினால், கேத்தலை விட்டுக் கிணற்றைப் பார்க்க வேண்டும்; நீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

குற்றம் எதனுடையது என்று அறிந்துகொண்டால் பரிகாரம் பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும்: இரண்டு தேசிக்காய், ஒரு கரண்டி அப்பச்சோடா, சிறிது பொறுமை. மடவளை வீட்டின் விருந்தினர் அடுத்த முறை வரும்போது கோப்பை வெறுமையாகத் திரும்புமாயின், அதைவிடச் சிறந்த பாராட்டு அவர் வாயிலிருந்து வரவேண்டியதில்லை.