தருமத்திற்கு வக்கீல் எதற்கு?

(யூபிலி ஆண்டை முன்னிட்டு, புனித வின்சென்ட் தே பவுல் சபையாரும் அன்பியப் பொறுப்பாளர்களும் கூடிய கூட்டத்தில் நம் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டின் நினைவாக நம் பங்கு எடுத்துக்கொண்ட காரியம் யாதென நீங்கள் அறிவீர்கள். காந்திபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி, வெளியூரிலிருந்து வேலை தேடி வந்து, நோயுற்றும் ஆதரவற்றும் கிடப்பவர்களுக்கு உணவும் மருந்தும் தங்க இடமும் தரும் ஓர் உதவி நிலையத்தை ஏற்படுத்தி, அதை முறைப்படி ஒரு சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று தீர்மானித்தோம். அதற்கு வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரைக் கட்டணம் கொடுத்து அமர்த்தலாம் என்று நான் சொன்னபோது சிறு சலசலப்பு எழுந்தது. பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏனுங் சாமி, வக்கீலுக்குக் குடுக்கற காசுல பத்துக் குடும்பத்துக்கு அரிசி வாங்கிப் போடலாமுங்களே! நம்ம பங்குலயே வக்கீல் தம்பி இருக்கறாருங்க. கேட்டாச் சும்மாவே எழுதிக் குடுத்துருவாருங்க" என்றார்.

கேள்வி நியாயமானது. ஏழையின் காசு என்ற அச்சம் அதில் இருக்கிறது. ஆகவே இன்று அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், ஒரு கிராமப் பங்கிற்கு அனுப்பப்பட்டேன். அங்கே தோட்டக்காரர் ஒருவர், ஆதரவற்ற விதவைத் தாய்மார்களுக்கு வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்று முப்பது சென்ட் நிலத்தை மனமுவந்து கொடுத்தார். பத்திரம் எழுத யாரிடம் போவது என்று யோசித்தோம். அவருடைய குடும்ப வக்கீலே, "நான் இலவசமாக எழுதித் தருகிறேன்" என்றார். முத்திரைத்தாளில் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டோம். பதிவுச் செலவை மிச்சப்படுத்தி அதைக் கட்டடத்தில் போடலாம் என்று சொன்னவன் நான்தான். எட்டுத் தாய்மார்கள் குடியேறினார்கள்.

ஆறாம் ஆண்டில் அந்தப் புண்ணியவான் காலமானார். நிலத்தின் விலை ஏறியிருந்தது. வாரிசுகள் வழக்குத் தொடுத்தார்கள். அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுப்பதாயின், இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்ட பத்திரத்தைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் விதி. எங்கள் தாளில் பதிவும் இல்லை, சாட்சியும் இல்லை. எழுதிய வக்கீலைத் தேடிப் போனோம். "சாமி, நான் அந்தக் குடும்பத்துக்கு வக்கீல். உங்கள் பக்கம் எப்படி நிற்பேன்?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. முதல் நாளே எங்களுக்கென்று ஒருவரை நாங்கள் அமர்த்தாததுதான் தவறு. நான்கு ஆண்டு அலைந்து வழக்கில் தோற்றோம். அந்த எட்டுத் தாய்மார்களும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியேறிய நாளில், அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க என்ன சாமி பண்ணுவீங்க" என்றார். அந்த ஆறுதல் வார்த்தை இன்றும் என்னைச் சுடுகிறது.

அன்பர்களே, வக்கீலுக்குக் கொடுக்காமல் மிச்சப்படுத்திய காசு எத்தனை வீட்டைக் காப்பாற்றியது? ஒன்றைக்கூட அல்ல. கோபுரம் கட்டப் புகுந்தவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டானா என்று நம் ஆண்டவர் கேட்டார். பத்திரமும் பதிவும் ஆலோசனையும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

இனி, நமது உதவி நிலையத்திற்கு வருவோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் இயற்றப்பட்டது. அதன்படி பதிவு செய்தால் மட்டும் போதாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், கணக்கைப் பதிவாளரிடம் அளிக்க வேண்டும், நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். இவற்றை மறந்துபோன சங்கம், இடிந்த சுவரின்மேல் ஓடு வேய்ந்ததுபோல் இருக்கும்.

அடுத்தது, வெளிநாட்டுப் பணம். நம் பங்குப் பிள்ளைகள் பலர் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். ஊர் நிலையத்துக்கு அனுப்ப ஆசைப்படுகிறார்கள். இந்தியக் குடியுரிமையை விடாத பிள்ளை, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட பிள்ளை அனுப்பினால், அவர் நம் தெருவில் பிறந்தவரேயானாலும், அது வெளிநாட்டு நன்கொடையே. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010இன்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் அதைக் கையால் தொடலாகாது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அப்பணம் முதலில் புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளைக் கணக்கிற்கே வர வேண்டும். வந்த பணத்தை வேறொரு சங்கத்திற்குக் கைமாற்றிக் கொடுப்பதும் கூடாது. நிர்வாகச் செலவு நூற்றுக்கு 20க்கு மேல் போகலாகாது. அந்த நிர்வாகச் செலவுப் பட்டியலில் சட்ட ஆலோசனைக் கட்டணத்தையும் விதிகள் குறிப்பிடுகின்றன. ஆக, தருமத்திற்கு வக்கீல் வேண்டியிருக்கும் என்பதைச் சட்டமே எதிர்பார்த்திருக்கிறது!

இத்திருத்தங்களை எதிர்த்துத் தொண்டு நிறுவனத்தார் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 8 அன்று அவற்றைப் பெரும்பாலும் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அன்னை தெரேசா 1950இல் நிறுவிய பிறரன்பின் பணியாளர் சபைக்கும், 2021 கிறிஸ்துமஸ் நாளில் இந்தப் பதிவின் புதுப்பிப்பு மறுக்கப்பட்டு, 2022 ஜனவரியில்தான் மீண்டும் கிடைத்தது. யார் சரி, யார் தவறு என்று ஆராய்வது இங்கே என் வேலையன்று. உலகறிந்த சபைக்கே இந்த நிலை வருமாயின், காந்திபுரத்துச் சிறிய நிலையம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

"சரி சாமி, ஒரு வக்கீலைச் சம்பளத்துக்கே வைத்துக்கொள்ளலாமே?" என்று கேட்கலாம். முழுநேரச் சம்பள ஊழியராக இருப்பவர் அக்காலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்யலாகாது என்பது இந்திய வழக்கறிஞர் கழகத்தின் பொது விதி. மேலும், நம்மைப்போன்ற சிறு சங்கத்திற்கு அது தாங்காது. ஆகவே வெளியிலிருந்து, வேலைக்கேற்ப அமர்த்துவதே முறை.

எப்படி அமர்த்துவது? ஐந்து காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, குழு கூடித் தீர்மானம் எழுத வேண்டும். பங்குச் சாமியார் தனியாக ஒருவரைப் பிடித்து வரலாகாது.

இரண்டாவது, சங்கம், அறக்கட்டளை, நன்கொடை ஆகிய விவகாரங்களில் பழகியவரைத் தேட வேண்டும். கண் வைத்தியரிடம் பல்லைக் காட்டுவோமா? இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து, "நிலம் கொடுப்பவருக்கோ, நன்கொடையாளருக்கோ, குழு உறுப்பினருக்கோ நீங்கள் வக்கீலாக இருந்ததுண்டா?" என்று முதலிலேயே கேட்க வேண்டும். நான் அன்று கேட்கத் தவறிய கேள்வி இதுதான்.

மூன்றாவது, என்ன வேலை, எவ்வளவு கட்டணம், எப்போது என்பதை எழுத்தில் பெற வேண்டும். காசோலையாகக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். வழக்கில் கிடைப்பதில் பங்கு என்று வழக்கறிஞர் கட்டணம் பேசுவது நம் நாட்டில் விதிக்குப் புறம்பு. அப்படிப் பேசுபவரிடம் போகவே வேண்டாம். ஒருவர் இரக்கத்தால் கட்டணத்தைக் குறைத்தால் நன்றியோடு ஏற்போம். அதுவும் எழுத்தில் இருக்கட்டும்.

நான்காவது, மூலப் பத்திரங்கள் பங்கின் இரும்புப் பெட்டியிலேயே இருக்க வேண்டும். வக்கீலுக்கு நகல் போதும். மூலம் தேவைப்படும் நாளில் கையொப்பம் பெற்றுக் கொடுத்து, திரும்ப வாங்க வேண்டும்.

ஐந்தாவது, ஆலோசனை அவருடையது, முடிவு நம்முடையது. அவர் எழுதியதைக் குழுவினர் தமிழில் கேட்டுப் புரிந்துகொள்ளாமல் கையொப்பமிடலாகாது. நம் பங்கு வக்கீல் தம்பியின் பணி இங்கேதான் இருக்கிறது. அவர் நம் பக்கத்தில் அமர்ந்து, வெளி வழக்கறிஞர் சொல்வதை நமக்கு விளக்கட்டும். உறவும் நட்பும் உள்ளவரிடம் இலவசமாக வேலை வாங்கினால், தாமதமானால் கேட்கவும் முடியாது, தவறினால் கண்டிக்கவும் முடியாது. அந்தச் சங்கடத்தில் அவரைத் தள்ள வேண்டாம்.

இன்னொன்றையும் பிரித்தறியுங்கள். இந்த வழக்கறிஞர் சங்கத்திற்காக. நம்மிடம் வரும் ஏழைகளின் சொந்த வழக்குகளுக்கு, 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், பேரிடரில் சிக்கியோர் ஆகியோர் இலவச சட்ட உதவி பெறலாம். அவர்களை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிற்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதும் வின்சென்ட் தே பவுல் சபையாரின் தொண்டாகட்டும்.

சபையாரே, உங்கள் சபையை 1833இல் பாரிஸ் நகரில் தோழர்களோடு தொடங்கிய முத்திப்பேறு பெற்ற பிரடெரிக் ஓசானாம் யார்? சட்டம் பயின்று பட்டம் பெற்றவர், லியோன் நகரில் வணிகச் சட்டம் கற்பித்தவர். ஏழையின் வீட்டுப் படி ஏறியதும், சட்டப் புத்தகத்தைப் புரட்டியதும் ஒரே மனிதர்தாம். புனித அல்போன்ஸ் லிகோரியாரும் நேப்பிள்ஸ் நகரில் பேர்பெற்ற வழக்கறிஞர். 1723இல் பத்திரத்தின் ஒரு பகுதியைக் கவனியாது விட்டதால் பெரிய வழக்கொன்றில் தோற்றார். அத்தோல்வி அவரைக் குருத்துவத்துக்கு அழைத்து வந்தது. என் தோல்வியோ எட்டுத் தாய்மார்களைத் தெருவுக்கு அனுப்பியது.

ஆகவே, அரிசிக்கு வைத்த பணத்தில் கைவைக்க வேண்டாம் என்ற பெரியவரின் சொல்லை நான் ஏற்கிறேன். வழக்கறிஞர் கட்டணத்திற்கென்று தனியாக ஓர் உண்டியலை வைப்போம். முதல் காணிக்கையாக என் ஒரு மாதப் படியை நான் போடுகிறேன். கணக்கை மாதந்தோறும் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். நம் நிலையத்தில் வந்து படுக்கும் நோயாளியை, ஒரு தாளில் உள்ள குறைக்காக யாரும் எழுப்பி அனுப்பாதபடி பார்த்துக்கொள்வோம்.

இறைவன் உங்கள் இல்லங்களையும், நாம் தொடங்கும் இந்தப் பணியையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.