காய்ந்த புல்லும் காற்றும்

பெங்களூரில் பிப்ரவரி மாதச் சராசரி மழை பத்து மில்லிமீட்டர்கூட இல்லை. பகலில் ஈரப்பதம் மளமளவென இறங்கும், காற்று வீசும், காலி மனைகளில் புல் சருகாய் நிற்கும்.

2019 பிப்ரவரி 23. பெங்களூரின் எலகங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி. வண்டி நிறுத்துமிடத்தில் காய்ந்த புல்லில் பற்றிய தீயைக் காற்று வண்டிக்கு வண்டி கொண்டுபோனது. சுமார் 300 கார்கள் வெறும் தகரக்கூடாயின. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அதே நாட்களில் பந்திப்பூர் காடும் எரிந்துகொண்டிருந்தது.

நல்ல கோடைமழைக்கு ஏப்ரல் வரை பொறுக்க வேண்டும். அதுவரை குப்பையைக் கொளுத்தாதீர்கள். சிகரெட்டை நன்றாக அணைத்துவிட்டுப் போடுங்கள். சைலன்சர் சூட்டோடு வண்டியைக் காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள்.