வசனம் எழுதியவர் வசனத்தைக் குறைத்தார்

(சங்கத்தின் திரைப்பட மாலையில் ஆற்றிய உரை)

இன்னும் சற்று நேரத்தில் ‘உதிரிப்பூக்கள்’ பார்க்கப் போகிறோம். அதற்கு முன், அதை இயக்கிய மகேந்திரனைப் பற்றி ஐந்து நிமிடம்.

இளையான்குடியில் 1939-இல் பிறந்தவர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்தபோது, விழாவுக்கு வந்திருந்த எம்.ஜி.ஆர். முன்னிலையிலேயே தமிழ் சினிமாவைக் குறை சொல்லிப் பேசினார். எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை, பாராட்டினார். பின்னாளில் சென்னையில் அவருக்குத் திரைக்கதை எழுதும் வேலையும் கொடுத்தார். அடுத்து ‘துக்ளக்’ பத்திரிகை. பிறகு ‘தங்கப்பதக்கம்’. சிவாஜி பேசிய அந்த வசனங்களுக்குத் தியேட்டரில் எழுந்த கைதட்டல் இங்கே பலருக்கு நினைவிருக்கும். சபா நாடகம் பார்த்து வளர்ந்த மயிலாப்பூர்க்காரர்களுக்கு வசனம் என்றால் உயிர் அல்லவா!

அப்படிப் பெயர் வாங்கியவர், 1978-இல் ‘முள்ளும் மலரும்’ இயக்கியபோது வசனத்தை வெகுவாகக் குறைத்துவிட்டார். வசனமே இல்லையே என்று தயாரிப்பாளர் நொந்துபோனார். மீதிப் படப்பிடிப்புக்கு கமல்ஹாசன் கைகொடுத்தார். ரஜினியின் கண்களும், பாலு மகேந்திராவின் கேமராவும், இளையராஜாவின் இசையும் மீதியைச் சொல்லின. படமும் ஓடியது.

அடுத்த ஆண்டு வந்தது ‘உதிரிப்பூக்கள்’. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ அதற்குத் தூண்டுதல். விஜயன் குரலை உயர்த்தாமலே மனைவியை வதைப்பார். அஸ்வினி அதிகம் பேசமாட்டார். அவர் முகத்தைப் பாருங்கள். அந்தக் குழந்தைகளையும் பாருங்கள்.

முடிவைச் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்த வீட்டில் நடப்பது ஊருக்குத் தெரியும். தெரிந்தும் வெகுகாலம் பொறுத்துக்கொண்டே போகிறது. கடைசியில் ஊர் செய்வதைப் பார்க்கும்போது, யாராவது முன்பே தட்டிக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். அடுக்குமாடியில் வசிக்கும் நமக்கும் இது பொருந்தும். பக்கத்து வீட்டு அழுகை காதில் விழுந்தால், டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

மகேந்திரன் இயக்கியவை பன்னிரண்டு படங்கள்தான். 2019 ஏப்ரல் 2-ஆம் தேதி சென்னையில் காலமானார்.

ஒரு வேண்டுகோள். செல்போனை அணைத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் கதை சொல்லாதீர்கள். இந்தப் படத்தில் மௌனம்தான் பாதிக் கதை. படம் முடிந்ததும் சுண்டலும் காபியும் உண்டு. அப்போது நிறையப் பேசுவோம்.