வீணையைத் தேர்தலும் பேணலும்

மகாவலி கங்கையின் கிளையொன்று வெருகலாறு என்னும் பெயரோடு கடலை நாடிச் செல்லும் இடத்தே அமைந்த ஊர் வெருகல். அது திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லை. ஆற்றுக்கு அப்பால் மட்டக்களப்பு மாவட்டம். ஆற்றங்கரையிலே சித்திரவேலாயுத சுவாமி கோயில் கொண்டிருக்கின்றார். திருவிழாக் காலத்தில் நாதசுரமும் தவிலும் அங்கு முழங்கும். உடுக்கும் மத்தளமும் கிழக்கிலங்கையின் வழிபாட்டிலும் கூத்திலும் நெடுங்காலமாகப் பயின்று வருவன. அவற்றுக்குத் தோல் கட்டவும் வார் இழுக்கவும் அறிந்தோர் அந்நிலத்திலேயே தோன்றினர்.

வீணையின் நிலை வேறு. அது பாடசாலையின் சங்கீத பாடத்தின் வழியாகவும், வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள் வழியாகவும் இத்தகைய ஊர்களை வந்தடைந்தது. வீணை செய்யும் பட்டறைகள் மிகுந்த தஞ்சாவூரோ கடலுக்கு அப்பால் உள்ளது. எனவே, வெருகல் போன்ற ஓர் ஊரில் மகளுக்கு வீணை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், விலையுயர்ந்த ஒரு பொருளை மட்டும் வாங்கவில்லை. அருகில் வைத்தியர் இல்லாத ஊருக்கு ஒரு மென்மையான உடலைக் கொண்டுவருகின்றனர்.

பல வீடுகளில் வீணை இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்ந்துவிடுகின்றது. மாணவிக்கு ஆர்வம் குன்றியதே காரணம் என்று பெரியோர் கருதுவர். உண்மையில், மெட்டு பெயர்ந்து சுரம் பிசகிய வீணையிலேயே அவள் நாள்தோறும் பயின்றிருப்பாள். எத்துணை முயன்றாலும் ஆசிரியரின் பாட்டோடு தன் வாசிப்பு இணங்காதபோது, குறை கருவியில் உள்ளது என்பதை அறியாமல், குறை தன்னில் உள்ளது என்று அவள் முடிவு செய்துவிடுகின்றாள். இந்த இழப்பைத் தடுக்கும் வழி ஒன்றே. வீணையை வைத்திருப்போர் அதனைத் தேரவும், பேணவும், கொண்டுசெல்லவும் தாமே அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில், வீணையின் உறுப்புக்களை நோக்குவோம். குடமும் தண்டியும் பலாமரத்தாலாவன. தண்டியின் முடிவில் யாளிமுகம் இருக்கும். அதனையடுத்துக் கீழே சுரைக்காய் பொருந்தும். தண்டியின் மேல் மெழுகினால் இரண்டு வரம்புகள் அமைத்து, அவற்றின்மீது 24 பித்தளை மெட்டுக்களைப் பதிப்பர். தேன்மெழுகுடன் குங்கிலியமும் கரித்தூளும் சேர்த்து இம்மெழுகு ஆக்கப்படும். தந்திகள் ஏழு. சாரணி, பஞ்சமம், மந்தரம், அநுமந்தரம் என்னும் நான்கும் மெட்டுக்களின்மேற் செல்வன. ஏனைய மூன்றும் பக்கத்தே நின்று சுருதியும் தாளமும் காட்டுவன. குடத்தின் பலகைமேல் நிற்கும் குதிரை தந்திகளைத் தாங்குகின்றது. தந்திகளின் அழுத்தமே அதனை நிலைநிறுத்துகின்றது. தஞ்சையை 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டு நிலைத்த இவ்வடிவம் அமைந்தது என்பர். தஞ்சாவூர் வீணைக்கு 2013 ஆம் ஆண்டில் இந்தியாவின் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இனித் தேர்தலைக் கருதுவோம். ஒரே மரத்திற் குடைந்து செய்தது ஏகாண்ட வீணை. குடம், தண்டி, யாளிமுகம் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து பொருத்தியது ஒட்டு வீணை. ஏகாண்ட வீணையின் நாதத்தையும் உறுதியையும் வித்துவான்கள் பெரிதும் போற்றுவர். விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. பயிலத் தொடங்கும் மாணவிக்கு நன்கு செய்த ஒட்டு வீணை போதுமானது. நன்றாக உலராத மரத்தில் அவசரமாகக் குடைந்த ஏகாண்ட வீணையினும், முதிர்ந்து உலர்ந்த மரத்தாலான ஒட்டு வீணை எவ்வளவோ மேலானது. ஈரம் நீங்காத மரம் பின்னாளில் வளையும்; அல்லது வெடிக்கும்.

கடையில் வீணையைக் கண்டவுடன் கண்ணைக் கவர்வது யாளியின் வண்ணமும் குடத்தின்மேல் இழைத்த பூவேலையுமாகும். அவற்றை இறுதியிற் பார்க்கலாம். முதலிற் செய்யத்தக்கது, யாளிப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடித் தண்டி நெடுகிலும் நோக்குதல். தண்டி வளைந்திருப்பின் அவ்வீணையை விட்டுவிடல் வேண்டும். வளைந்த தண்டியை மெழுகினாற் சரிசெய்ய இயலாது. அடுத்து, பொருத்துக்களில் இடைவெளி உண்டா, குடத்தின் பலகையில் வெடிப்பு உண்டா என நோக்குதல் வேண்டும். பிரடைகளைத் திருகிப் பார்த்தால், அவை வழுவழுவென்று திரும்பி, விட்ட இடத்தில் நிற்றல் வேண்டும்.

பின்னர் செவியால் ஆராய்தல். சாரணித் தந்தியை மெட்டில் அழுத்தாமல் மீட்டினால் ஆதார சட்சம் ஒலிக்கும்; பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டினால் மேல் சட்சம் ஒலிக்கும். இரண்டும் ஒன்றோடொன்று இழைதல் வேண்டும். இவ்வாறு நான்கு தந்திகளிலும் ஒவ்வொரு மெட்டாக வாசித்தால், எங்கேனும் இரைச்சலோ அடைத்த ஒலியோ இருப்பின் வெளிப்பட்டுவிடும். ஒரு மெட்டில் நின்றே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மேற்சுரங்களைப் பிறப்பித்தலும் வேண்டும்; கமகம் இவ்விழுப்பில் வாழ்வதாகும். மீட்டிய ஒலி எத்துணைப் பெரிது என்பதைவிட, அது எவ்வளவு நேரம் தெளிவாக நின்று தேய்கின்றது என்பதே கவனித்தற்குரியது. வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை தோறும் வாசித்த வாசிப்பு மிக மெல்லியது. அதனைக் கேட்கப் பெருவித்துவான்கள் தேடிச் சென்றனர். எனவே சந்தடி மிக்க கடைவாயிலில் வீணையைச் சோதித்தல் கூடாது. அமைதியான ஓர் உள்ளறையில், வீணை அறிந்த ஒருவரை உடன்கொண்டு சோதித்தல் நன்று.

பழைய வீணை வாங்குவோர் மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். முற்காலத்தில் யானைத் தந்தத்தால் அலங்கரித்த வீணைகள் உண்டு. ஆசிய யானையின் தந்தத்தைப் பன்னாட்டு வாணிகத்திற் கொண்டுசெல்வதை 1975 முதல் பன்னாட்டு உடன்படிக்கை தடுத்து வருகின்றது. அத்தகைய வீணை அழகியதாயினும், உரிய அனுமதிப் பத்திரமின்றிக் கடல்கடந்து கொண்டுசெல்வோர் சுங்கத்தில் அதனை இழக்க நேரும்.

வீணை வீட்டுக்கு வந்தபின் அதன் பகைவர் மூவர்: வெப்பம், ஈரம், உப்பு. வெருகலில் இம்மூவரும் உளர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் வறண்டு பிரடைகள் வழுக்கும்; சுருதி நில்லாது. அப்போது பிரடையிற் சிறிது வெண்கட்டித் தூள் தடவினால் பிடிப்பு உண்டாகும். மாரியில் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கப் பிரடைகள் இறுகும். வலிந்து திருகினால் முறியும். பிரடையை மெல்ல வெளியே இழுத்து, உலர்ந்த சவர்க்காரத்தைச் சற்றே தேய்த்துப் பொருத்தினால் அது இளகும். தகரக் கூரையின் கீழுள்ள பரணிலோ, வெயில் விழும் சாளரத்தின் அருகிலோ, அடுக்களையை ஒட்டிய அறையிலோ வீணையை வைத்தால் மெழுகு இளகும். மெழுகு இளகினால் மெட்டு அமிழும். மெட்டு அமிழ்ந்தால் சுரம் பிறழும்.

கடற்காற்றின் உப்பும் விரலின் வியர்வையும் உருக்குத் தந்தியைத் துருப்பிடிக்கச் செய்வன. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்தல் ஒரு நிமிட வேலை. தந்தியின் ஆயுள் அதனாற் பன்மடங்காகும். விரல் எளிதில் வழுக்கும் பொருட்டு வாசிக்கும்போது எண்ணெய் தொட்டுக்கொள்வோர், பின்னர் அதனையும் துடைத்துவிடல் வேண்டும். எண்ணெயிற் படிந்த தூசி மெட்டை அரிக்கும். தந்தி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, அதன் இடத்திற் புதியதைக் கட்டிய பின்னரே அடுத்ததைத் தொடுதல் நன்று. ஏழையும் ஒருங்கே கழற்றினால் குதிரை இடம்பெயரும். குதிரை நிற்கும் இடத்தைப் பலகையில் மெல்லிய பென்சிற் கோட்டாற் குறித்து வைத்தல் ஓர் எளிய காவலாகும்.

நாளடைவில் தந்தி உராய்ந்து மெட்டுக்களிற் பள்ளம் விழும். அப்போது மெட்டுக்களைத் தேய்த்துச் சமப்படுத்தி, புதிய மெழுகில் மீண்டும் பதித்தல் வேண்டும். இதனை மேளங்கட்டுதல் என்பர். இது கைதேர்ந்தோர் செய்யும் பணி. செவியும் கையும் ஒருங்கே பழகினாலன்றிக் கைவராது. ஆயினும் பெயர்ந்த ஒரு மெட்டைத் தற்காலிகமாக நிறுத்தும் அளவுக்கேனும் ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் கற்றிருப்பின், ஒரு மெட்டின் பொருட்டு ஒரு வீணை ஆண்டுக்கணக்கில் மூலையிற் கிடவாது. ஆசிரியர்களும் மூத்த மாணவர்களும் இதனைக் கற்றுக்கொள்ளத் தக்கவர்கள்.

வெள்ளம் வெருகலுக்குப் புதிதன்று. 2011 ஆம் ஆண்டு சனவரியிற் கிழக்கு மாகாணம் முழுவதையும் பெருவெள்ளம் வருத்தியது. வீணையை நிலத்திற் கிடத்தாமல், இடுப்பளவுக்கு மேற்பட்ட பலகைமேல் வைத்தல் இத்தகைய ஊர்களுக்கு இன்றியமையாதது. நனைந்துவிட்டால் வெயிலிற் காயவைத்தல் பெருந்தவறு. மேற்புறம் விரைந்து உலர்ந்து மரம் வெடிக்கும். தந்திகளைத் தளர்த்தி, நீரை ஒற்றியெடுத்து, காற்றோட்டமுள்ள நிழலிற் பல நாட்கள் உலரவிடல் வேண்டும்.

மூன்றாவது, கொண்டுசெல்லல். வீணை ஏறக்குறைய 4 அடி நீளமுடையது; ஒருபுறம் கனத்தது; தூக்குவதற்கு இசைவற்றது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டு மக்கள் டல்சிமர் என்னும் மெட்டுத் தந்திக்கருவி ஒன்றை மடியிற் கிடத்தி வாசிப்பர். அது மூன்று அல்லது நான்கு தந்திகளையுடைய சிறு கருவி. கென்டக்கி மாநிலத்து வைப்பர் என்னும் சிற்றூரிற் பிறந்த ஜீன் ரிச்சி (1922–2015), அதனை நியூயோர்க் நகருக்குக் கொண்டுசென்று உலகறியச் செய்தார். அக்கருவி ஒருவர் கக்கத்தில் அடங்கும். வீணைக்கு அவ்வசதி இல்லை. ஆதலின் அதன் பயணத்தை முன்னரே திட்டமிடல் வேண்டும்.

முற்காலத்தில் தஞ்சாவூரிலிருந்து இலங்கைக்குப் புகைவண்டியும் கப்பலும் இணைந்த வழி இருந்தது. தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற் பயணம் 1914 இல் தொடங்கி, 1964 டிசம்பர்ப் புயலோடு முடிவுற்றது. திருகோணமலை–மட்டக்களப்பு வீதியிலும் பயணம் எளிதாயிருந்ததில்லை. கிண்ணியா முதல் வெருகல் ஈறாகத் துறைதோறும் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் 2009 இலும், வெருகற் பாலம் 2011 இலும் திறக்கப்பட்டன. இன்று வெருகலில் வீணையோடு பேருந்து ஏறும் மாணவி, பாதை மாறாமலே மட்டக்களப்புக் கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தை அடையலாம்.

வழி எளிதானாலும் காவல் குறைதல் ஆகாது. புறப்படுமுன் சுரைக்காயைக் கழற்றித் தனியே பொதிதல் வேண்டும். தந்திகளைச் சிறிது தளர்த்தல் வேண்டும். குதிரை சாயும் அளவுக்குத் தளர்த்தலாகாது. குதிரையின் இருபுறமும் மெத்தென்ற துணியைச் செருகி, மெட்டுக்கள் மேல்நோக்கி இருக்குமாறு பஞ்சுறையுள்ள பெட்டியிற் கிடத்துதல் வேண்டும். பேருந்தின் கூரைமேலும், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளும் வீணையை விடுதல் மெழுகை அழிப்பதாகும். வானூர்தியிற் செல்வோர்க்கெனத் தண்டியைப் பிரித்துப் பூட்டும் வீணைகள் இன்று செய்யப்படுகின்றன. அவ்வாறு பிரிக்க இயலாத வீணைக்குத் தனி இருக்கை பெறல் இயலுமா என முன்னரே விசாரித்தல் நன்று. பொருளறையில் இடுவதாயின் வன்பெட்டி இன்றியமையாதது. சென்று சேர்ந்தவுடன் சுருதி கூட்ட விரையாமல், புதிய இடத்தின் காற்றுக்கு மரம் பழகச் சிறிது நேரம் விடல் வேண்டும்.

எடுத்துச் செல்ல இயலாத பயணங்களும் உண்டு. 2006 ஆம் ஆண்டுப் போரில் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பகுதி மக்கள் வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்புக்கும் இடம்பெயர்ந்தனர். குழந்தையையும் முதியோரையும் தூக்கிச் சென்றோர் கையில் நான்கடி மரத்துக்கு இடமிருந்திராது. அத்தகைய நிலத்தில் மீண்டும் ஒரு வீட்டில் வீணை ஒலிப்பது, அவ்வீட்டார் ஓரிடத்தில் நிலைத்திருக்கத் துணிந்துவிட்டனர் என்பதற்கு அடையாளமாகும்.

கிழக்கிலங்கைக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் (1892–1947), மறைந்துபோன பழந்தமிழ் யாழின் அமைப்பை நூல்களினின்று ஆராய்ந்து யாழ் நூலை ஆக்கினார். அது அவர் மறைந்த 1947 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அத்துணை ஆராய்ச்சி வேண்டியிருந்தமைக்குக் காரணம், கையில் எடுத்து மீட்டிப் பார்க்கப் பழைய யாழ் ஒன்றும் எஞ்சியிராமையே. மரம் உளுத்துப்போகும், நரம்பு அற்றுப்போகும். செய்வோரும் செப்பஞ்செய்வோரும் வாசிப்போரும் தொடர்ந்து வரும்வரையே ஒரு கருவி வாழும்.

பாடசாலைகளில் வீணையைப் பழுதாகாமற் காக்கக் கருதி அலுமாரியிற் பூட்டி வைத்தல் வழக்கமாயிருக்கின்றது. பரீட்சைக்குச் சில வாரங்கள் முன்னர் அதனைத் திறப்பர். பூட்டிய அறையின் புழுக்கத்தில் தந்தி துருவேறும், பொருத்து விடும், பூச்சி புகும். நாள்தோறும் ஒரு பிள்ளை மடியிலெடுத்து, சுருதி கூட்டி, வாசித்து, துடைத்து வைக்கும் வீணையிலோ ஒரு சிறு குறை தோன்றிய அன்றே அது காணப்படும். காணப்பட்ட குறை பெரிதாகுமுன் தீர்க்கப்படும். ஆதலால் அலுமாரியின் திறவுகோலை மூத்த மாணவி ஒருத்தியின் பொறுப்பில் விட்டு, துடைக்கும் துணியையும் வெண்கட்டியையும் மாற்றுத் தந்திச் சுருள் ஒன்றையும் அவளிடம் கொடுத்தல், வீணையைப் பேணுதற்குப் பாடசாலை செய்யத்தக்க முதற்பணியாகும்.